ஞானஸ்நானம் பெற ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது?

கேள்வி: புதிய போதகர்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடுகிறவர்களுக்கு மட்டும், தண்ணீரில் முழுவதும் மூழ்கச் செய்து ஞானஸ்நானம் கொடுக்கிற சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் நீண்ட காலம் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவர். அவர் நாட்களில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுப்பவரை அவரே அழைத்துப் பேசி, அவரே திருப்தியடைந்து, அவரே நாள் குறித்துவிடுவார் என்றும், சபைக்கு ஆராதனை வேளையில் ஓர் அறிவிப்பு மட்டுமே வரும் என்றும் சபையின் உதவிக்காரர்கள் (டீக்கன்மார்) சொல்கிறார்கள். நானும் அப்படியே செய்வேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் என் வாரம் எப்படிப் போகிறது என்பதை ஊழியத்தில் இருப்பவர்கள் அறிவீர்கள். ஞாயிறு பிரசங்கத்துக்கான ஆயத்தம், வார நடுவில் வேதபாடம், மருத்துவமனையில் கிடப்பவரைப் பார்த்து ஜெபிப்பது, எதிர்பாராமல் வரும் அடக்க ஆராதனை, பேச்சு நின்றுபோன கணவன் மனைவிக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது என்றால் அதற்கு ஆள் தேடுவது என்று எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் நேரம்தான் ஞானஸ்நான வகுப்புக்குக் கிடைக்கிறது. வகுப்பிலோ எல்லோரும் சரியான பதிலைச் சொல்கிறார்கள். ஒரே சொற்களில், ஒரே வேகத்தில் சொல்கிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் விசுவாசம் இருக்கிறதா, நல்ல ஞாபகசக்தி மட்டும் இருக்கிறதா என்பது எனக்குத் தெரிவதில்லை.

இப்போது இரண்டு பேரைக் குறித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். சபையில் ஊக்கமாக உழைக்கும் பெற்றோரின் மகன். ஞாயிறு பள்ளியில் முதல் மாணவன். அவனுடைய அக்காள் சென்ற முறை ஞானஸ்நானம் பெற்றாள். 'பிள்ளையைத் தடுக்காதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே' என்று தாயார் மாற்கு 10-ஆம் அதிகாரத்தை எனக்கு நினைவூட்டுகிறார். மற்றவர் வயது முதிர்ந்த ஒரு தாயார். பல ஆண்டுகளாக ஆராதனைக்கு வருகிறவர், இப்போதுதான் வாய் திறந்து கேட்டிருக்கிறார். அவருக்கு நெடுநாள் மூச்சிரைப்பு உண்டு. தண்ணீர் என்றாலே பயம்.

சிறுவனைக் காத்திருக்கச் சொல்வது சரியா? அந்தத் தாயாருக்கு எப்படிக் கொடுப்பது? இவை எல்லாவற்றையும் போதகர் ஒருவரே தீர்மானிப்பது நம்முடைய முறைதானா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டின் பாரமும் பாதி இறங்கிவிடும். போதகர் ஒருவரே தீர்மானிப்பது நம்முடைய முறை அல்ல. பாப்டிஸ்ட் சபைகள் பலவற்றில் வழங்கிவந்த முறை இது: ஒருவர் தம் விருப்பத்தைத் தெரிவித்ததும், சபைக்கூட்டம் இரண்டு அங்கத்தினர்களை நியமிக்கும். அவர்கள் அவருடைய வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து பேசி, தாங்கள் கேட்டதைச் சபைக்கூட்டத்தில் சொல்வார்கள். விண்ணப்பித்தவர் தாம் விசுவாசத்துக்கு வந்த சாட்சியைத் தம்முடைய சொற்களில் சபைக்கு முன் சொல்வார். அதன் பிறகு சபை ஒப்புதல் கொடுக்கும். போதகர் அதில் ஒரு குரல். கனமான குரல்தான், ஆனாலும் ஒரு குரல் மட்டுமே. 1644-இல் லண்டனில் இருந்த ஏழு பாப்டிஸ்ட் சபைகள் வெளியிட்ட விசுவாச அறிக்கை, ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பைக்கூட ஒரு குறிப்பிட்ட பதவியோடு கட்டிப்போடாமல், பிரசங்கிக்கிற சீஷன் ஒருவன் அதைச் செய்யலாம் என்றே வைத்தது. கொடுப்பதே போதகரின் தனியுரிமை அல்ல என்றால், தகுதியைத் தீர்மானிப்பது மட்டும் எப்படி அவருடைய தனியுரிமை ஆகும்?

இதில் நடைமுறை நன்மையும் உண்டு. போதகர் தனியாக 'இன்னும் பொறுத்திருங்கள்' என்று சொன்னால், அது அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையிலான மனத்தாங்கலாக முடியும். சந்திக்கப் போன இருவரும் அதையே அன்போடு சொன்னால், சபை தங்கள் பிள்ளையைக் கவனித்துப் பார்க்கிறது என்று பெற்றோர் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. எல்லாப் பெற்றோரும் புரிந்துகொள்வார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன்.

வகுப்பில் எல்லோரும் சரியாகப் பதில் சொல்கிறார்கள் என்கிறீர்கள். வகுப்பு போதிப்பதற்கான இடம்; அங்கே இருதயத்தை அளக்க முடியாது. ஒருவருடைய விசுவாசம் எங்கே தெரியும் என்றால், நீங்கள் நேரத்தைத் தின்றுவிடுவதாகச் சொன்ன அந்தச் சந்திப்புகளில்தான் தெரியும். மருத்துவமனையில் தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலிபன், நீங்கள் ஜெபித்து முடித்த பிறகு என்ன கேட்கிறான்? கடனைத் திருப்பித் தராத உறவினரைப் பற்றிப் பேசும்போது, சென்ற ஆண்டு இருந்த கசப்பு இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா? மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்து முதலில் வருகிறது? இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, பெயர்ப்பட்டியல் கைக்கு வரும் நாளிலேயே பாதி தெரிந்திருக்கும். ஆகவே ஞானஸ்நான ஆயத்தத்துக்குத் தனியாக நேரம் தேடுவதை விட, ஏற்கெனவே செய்கிற சந்திப்புகளில் காதைத் திறந்து வையுங்கள். பேசும்போது, வகுப்பில் கேட்காத கேள்விகளைக் கேளுங்கள். 'இரட்சிப்பு என்றால் என்ன' என்று கேட்டால் பாடம் வரும். 'எதைக் குறித்து அண்மையில் ஆண்டவரிடம் வெட்கப்பட்டீர்கள்' என்று கேட்டால், ஒன்று மௌனம் வரும், அல்லது உண்மை வரும். மௌனமும் மோசமான பதில் அல்ல.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உங்கள் சபையில் யாராவது அதை எழுப்புவார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் யாரும் காத்திருக்கவில்லையே என்பார்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் அன்றைக்கே சேர்க்கப்பட்டார்கள். எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டவுடன் தடையென்ன என்று கேட்டார். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே ஞானஸ்நானம் பெற்றான். இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. வருடக்கணக்கில் வகுப்பு நடத்தி, பரீட்சை வைத்து, தேறியவருக்குப் பரிசு போல ஞானஸ்நானம் கொடுக்கிற சபை வேதத்தை விட்டு விலகியிருக்கிறது என்றே நான் சொல்வேன். ஆனால் அந்தச் சிறைச்சாலைக்காரன் தன் கையால் அடைத்துவைத்த கைதிகளின் காயங்களைத் தானே கழுவிய பிறகு தண்ணீருக்குள் போனான் என்பதையும் அதே வசனம் சொல்கிறது. மனந்திரும்புதல் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து பாராட்டுகிற சூழ்நிலையில் வளரும் பிள்ளையிடம் அது அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. காத்திருப்பதற்கு வயது காரணம் அல்ல. அவனுடைய விருப்பம் அவனுடையதா, வீட்டாருடையதா என்பது தெளிய வேண்டும் என்பதுதான் காரணம்.

சிறுவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். பாப்டிஸ்ட் சபைகளுக்குள்ளேயே இதில் ஒரே வழக்கம் இல்லை. ஏழெட்டு வயதில் கொடுக்கிற சபைகள் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுக்கு முன் பேச்சே எடுக்காத சபைகளும் உண்டு. வேதம் ஒரு வயதைக் குறிப்பிடவில்லை, ஆகவே நாமும் சட்டம் இயற்ற வேண்டாம். பிற்காலத்தில் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன் 1850-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி, இங்கிலாந்தில் ஐஸ்லம் என்ற ஊரில் லார்க் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைப் பிரிவில் ஊழியர்கள். ஞானஸ்நானம் பெறும்படி வீட்டில் யாரும் அவரைத் தூண்டவில்லை. மாறாக, அவரே தகப்பனாருக்கு எழுதி அனுமதி கேட்டுக் காத்திருந்தார். உங்கள் சிறுவனுக்கு நேர் எதிரான நிலைமை. பெற்றோர் இல்லாத இடத்தில், ஆனால் பிள்ளைகள் பாதுகாப்புக்கான ஒழுங்கின்படி வேறொரு பெரியவரும் பார்வையில் இருக்கும்படியாக, அவனோடு பேசுங்கள். 'அக்காள் ஞானஸ்நானம் பெறாமல் இருந்திருந்தால் நீ கேட்டிருப்பாயா' என்று கேட்டுப் பாருங்கள். அவன் என்ன சொன்னாலும், 'இல்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவனுக்கு ஒரு வேலையும் ஒரு துணையும் கொடுங்கள்: மாற்கு சுவிசேஷத்தை அவனோடு சேர்ந்து வாசிக்க, பெற்றோர் அல்லாத ஒரு மூத்த அங்கத்தினர். விசுவாசம் உண்மையாக இருந்தால் காத்திருப்பதால் அது செத்துப்போகாது. ஆனால் 'பெரியவர்கள் என்னை நம்பவில்லை' என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் விழுந்துவிட்டால், அதை எடுப்பது கடினம்.

அவனுடைய தாயார் காட்டும் மாற்கு 10-இல் ஆண்டவர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தார்; ஞானஸ்நானம் கொடுத்ததாக அங்கே எழுதப்படவில்லை. வாதம் செய்வதற்காக இதைச் சொல்லாதீர்கள். அந்த வசனத்தின்படியே அவனை அணைத்துக்கொள்ளச் சபைக்கு வேறு பல வழிகள் இருக்கின்றன என்று காட்டுவதற்காகச் சொல்லுங்கள்.

பதில்: பெண்களை ஆயத்தப்படுத்தும் சகோதரி

போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறும் பெண்களுக்குத் துணைநிற்கும் பொறுப்பு என்னுடையது. அந்தத் தாயாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடி மூழ்கி எழலாமா என்ற ஒரே கேள்விதான். பலருக்கு அது ஆபத்தில்லை. ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்தக் கூடாது. விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று யாராவது தைரியம் சொல்ல வந்தால் அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

இரண்டாவது, பயம். பயப்படுகிறவர்களுக்கு எத்தனை வசனம் சொன்னாலும் பயம் போவதில்லை, ஒத்திகை பார்த்தால்தான் போகிறது. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் அவரை முதலில் இறங்கச் சொல்லுங்கள். எத்தனை படி, கைப்பிடி எங்கே, எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய காலுக்குத் தெரிந்துவிட வேண்டும். நீங்கள் ஒரு கையை அவருடைய முதுகின் மேற்பகுதியில், பிடரிக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து, ஒரு கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் மற்றக் கை அவருடைய கைகளின் மேல் இருக்கட்டும். முழங்காலை மடக்கச் சொல்வது முக்கியம். விறைப்பாக நின்றபடியே பின்னால் சாய்கிறவரின் கால்கள் தரையை விட்டு எழும்பிவிடும், பயம் அங்கேதான் வருகிறது. முழங்கால் மடங்கினால் உட்காருவது போல இறங்கிவிடுவார். பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். இன்னும் எளிய வழி, கனமான ஒரு நாற்காலியைத் தொட்டிக்குள் வைத்து, மார்பளவு தண்ணீரில் அவரை உட்காரவைத்து, இரண்டு பேர் இருபுறமும் நின்று மெதுவாகப் பின்னால் சாய்ப்பது. மூச்சிரைப்பு உள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம், அவர் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே நிதானமாகச் சொல்லி முடித்துவிடுங்கள்.

உடையைப் பற்றி ஆண்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடலோடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டும். அங்கி தடித்த துணியாக இருக்க வேண்டும். தண்ணீரில் மிதந்து மேலே எழும்பாதபடி கீழ் ஓரத்தில் கனமான ஏதாவது வைத்துத் தைத்திருக்க வேண்டும். படியேறி வரும் இடத்திலேயே பெரிய துண்டோடு ஒரு சகோதரி நிற்க வேண்டும். 1644-ஆம் ஆண்டு அறிக்கையை மேலே ஐயா குறிப்பிட்டிருக்கிறார். அதே அறிக்கை, கொடுப்பவரும் பெறுபவரும் தகுந்த உடையோடு, அடக்க ஒடுக்கமாக அதைச் செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பே எழுதிவைத்திருக்கிறது. ஆகையால் இது சின்ன விஷயம் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

மருத்துவர் முழுவதும் தடுத்துவிட்டால், தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். இதில் மற்றவர்கள் வேறுபடலாம்.

பதில்: வேதபாட ஆசிரியர்

சகோதரியின் கடைசி வரியில்தான் வேறுபடுகிறேன். மற்ற யாவும் பயனுள்ளவை.

ரோமர் 6:4-உம் கொலோசெயர் 2:12-உம் ஞானஸ்நானத்தை அடக்கத்தோடும் உயிர்த்தெழுதலோடும் சேர்த்துப் பேசுகின்றன. மூழ்குவதும் எழுவதும் அந்த அடையாளத்தின் உயிர். அதை ஒருவருக்காக மாற்றினால், அடுத்தவர் குளிரைக் காரணம் காட்டுவார். ஞானஸ்நானம் இரட்சிப்பைத் தருகிறது என்று நாம் போதிக்கவில்லை. சிலுவையில் ஆண்டவருக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளன் அது இல்லாமலே பரதீசுக்குப் போனான். ஆகவே மெய்யாகவே மூழ்க இயலாத ஒருவரை, அவருடைய சாட்சியின் பேரில் சபை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டு, கர்த்தருடைய பந்தியிலும் (திருவிருந்திலும்) சேர்த்துக்கொள்வதே நேர்மையானது. அடையாளத்தைச் சுருக்கிக் கொடுப்பதை விட, அது இல்லாமலே அன்போடு ஏற்பது நல்லது.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

வேதபாட ஆசிரியரின் வாதத்தின் கனத்தை மதிக்கிறேன். ஆனால் நம்முடைய வரலாறு அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் போதகர் விசுவாசிகளின் சபையைத் தொடங்கியபோது, தமக்கும் தம்மோடிருந்தவர்களுக்கும் தண்ணீர் ஊற்றியே ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதுதான் வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு. ஆங்கிலேய பாப்டிஸ்டுகள் மூழ்குதலை உறுதியாகப் பற்றிக்கொண்டது ஏறக்குறைய 1640-க்குப் பிறகுதான். முதலில் அவர்கள் போராடியது யாருக்குக் கொடுப்பது என்பதற்காக. எப்படிக் கொடுப்பது என்பது பிறகு வந்தது. அதற்கு வெகு முன்னதாக, அப்போஸ்தலரின் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட டிடாக்கே என்ற போதனை நூலும், ஓடுகிற தண்ணீரை முதலில் சொல்லி, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது இயலாவிட்டால் வெதுவெதுப்பானது, இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுவது என்று இறங்கி வருகிறது. அது வேதம் அல்ல. ஆனால் இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது.

நான் மூழ்குதலையே வழக்கமாகக் கொண்டேன், இன்றும் அதையே பரிந்துரைப்பேன். விதிவிலக்கு வேண்டுமா என்பதை உங்கள் சபைக்கூட்டம் அந்தத் தாயாரின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யட்டும். இங்கே எழுதுகிற எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

பதில்: தொட்டியைக் கவனிக்கும் உதவிக்காரர்

பெரியவர்கள் உபதேசம் பேசிவிட்டார்கள். நான் தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டி நிரம்பப் பல மணி நேரம் ஆகும். முதல் நாள் மாலையே தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இடுப்பளவுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். நிரப்பிய தொட்டியை இரவில் மூடாமல் விடாதீர்கள். ஆலயத்தில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். தண்ணீரைச் சூடாக்கும் மின்கருவி எதுவாக இருந்தாலும், ஒருவரும் இறங்குவதற்கு முன்பே அதன் இணைப்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும். ஒலிபெருக்கியின் மைக்கைத் தண்ணீரில் நிற்கிற எவரும் தொடக்கூடாது. 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேக்கோ நகரில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் ஞானஸ்நானத் தொட்டிக்குள் நின்றபடி ஆராதனை வேளையில் மைக்கைப் பிடித்தபோது மின்சாரம் தாக்கி மரித்தார். இதைச் சொன்ன பிறகும் 'சத்தம் கேட்காதே' என்பவர்கள் உண்டு. போதகர் உரக்கப் பேசினால் கேட்கும்.

இன்னொன்று, போதகர் ஐயா. கூரைக்கு ஆள் தேடுவது உங்கள் வேலை அல்ல. அதற்குத்தான் எங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரைச் சபை தெரிந்தெடுத்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 6-ஐ அடுத்த சபைக்கூட்டத்தில் வாசித்துவிட்டு, சாவிகளை மேசைமேல் வையுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: புதிய போதகர்

எல்லோருக்கும் நன்றி. உதவிக்காரர்களோடு பேசினேன். சந்திக்கப் போகும் இருவரை நியமிக்கும் வழக்கத்தை வரும் சபைக்கூட்டத்தில் முன்மொழிய ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், இது போதகரைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா என்று தயங்கினார். அந்தத் தாயாரைத் தண்ணீர் இல்லாத தொட்டியில் இறங்கிப் பார்க்க அழைத்திருக்கிறேன். மருத்துவரையும் பார்க்கப் போகிறார்.

ஒரு சிறிய சந்தேகம் எஞ்சியிருக்கிறது. சபையின் ஒப்புதல் கிடைத்தவர்களுக்கு ஞானஸ்நானத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? முன்பெல்லாம் சான்றிதழ் கொடுப்பதோடு முடிந்துவிடும் என்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

தயங்கிய அந்தச் சகோதரரையே, சந்திக்கப் போகும் முதல் இருவரில் ஒருவராக நியமிக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குப் போய் ஒருவருடைய சாட்சியை நேரில் கேட்டுவிட்டு வந்தால், அவருடைய தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

சான்றிதழ் கொடுங்கள், அதற்கு முன் சபைப் பதிவேட்டில் பெயர், தேதி, கொடுத்தவரின் கையொப்பம், சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு சபைக்கு மாறும்போது கடிதம் கேட்பார்கள். அப்போது தேடி அலைய வேண்டாம். அடுத்து வரும் கர்த்தருடைய பந்தியில் அவர்களை முன்னே அழைத்து, சபையின் சார்பில் வலதுகை ஐக்கியம் கொடுத்து ஏற்றுக்கொள்ளுங்கள். அதே கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாற்காலி அடுக்குவதாக இருந்தாலும் சரி. ஞானஸ்நானத்துக்கு மறுமாதமே ஆராதனைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களில் பலர், இனிமேல் தங்களை யாரும் தேடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டவர்கள். ஆகவே உங்கள் சந்திப்புப் பட்டியலில் அவர்கள் பெயரை அடிக்காமல் வைத்திருங்கள். சந்திக்கப் போன அந்த இருவரும் தொடர்ந்து ஓராண்டாவது அவர்களை விசாரித்துக்கொண்டிருக்கட்டும்.